தொண்ணூற்று நான்கில் பார்த்த ஆமை

மார்ச் 13, புதன். ராசிபுரம்.

நாளை விடிகாலை பஸ். நாகப்பட்டினத்துக்குத் தெற்கே தாழைமுனை என்று ஒரு கடலாமைக் காப்பகம். எட்டு நாள் தங்கல். நானும் வசந்தாமணியும் போகிறோம்.

அழைத்திருப்பது மேகலா. 2007-இல் என்னிடம் ஒன்பதாம் வகுப்பு படித்தவள். கடல் உயிரினங்களில் டாக்டர் பட்டம் வாங்கி அங்கே ஆராய்ச்சியாளராக இருக்கிறாள். போன வாரம் தொலைபேசியில் பேசினாள்.

"சார், நீங்க தொண்ணூத்தி நாலுல கடலாமை முட்டை போடறதப் பாத்த கதையக் கேட்டுத்தான் நான் இந்தப் படிப்புக்கே வந்தேன். இருபதாம் தேதி குஞ்சுங்களக் கடல்ல விடறோம். பள்ளிக்கூடத்துப் புள்ளைங்க வர்றாங்க. நீங்க வந்து அந்தக் கதையச் சொல்லோணும்."

ஓய்வு பெற்ற ஒரு விலங்கியல் ஆசிரியருக்கு இதைவிட மரியாதை வேறு என்ன இருக்கிறது. உடனே ஒப்புக்கொண்டேன். இருபத்தொன்பது வருடம் வகுப்பு தவறாமல் சொன்ன கதை. ஊர்வன பாடம் வந்தாலே பையன்கள் "ஆமை சார், ஆமை சார்" என்று கேட்பார்கள்.

"பேசறது இருபதாம் தேதிதானுங்களே. அதுக்கு ஏன் பதினாலாம் தேதியே போகோணும்?" என்று வசந்தாமணி கேட்டாள்.

"பழைய அனுபவத்தைக் கொஞ்சம் புதுப்பித்துக்கொள்ளலாமே" என்றேன்.

அவள் என்னைச் சற்று நேரம் பார்த்துவிட்டுத் துணி மடிக்கப் போனாள். முப்பது வருடம் கிராம சுகாதார செவிலியராக இருந்தவள். எங்கள் பக்கத்தில் பாதி ஊர் அவள் கையில் விழுந்த குழந்தைகள்தான். ஆமை பார்க்கப் போவதில் அவளுக்கு விருப்பமே இல்லை.

"கூப்புடாத பிரசவத்துக்குக் கூட்டமாப் போயி நிக்கறது நல்லாவாங்க இருக்கும்?"

"இது ஆய்வு."

"அது ஆமைக்குத் தெரியோணுமே."

என் பெட்டியில் பைனாகுலர் ஒன்று, டார்ச் இரண்டு, புத்தகம் மூன்று, உரைக்கான குறிப்பு பதினோரு பக்கம். அவள் பையில் நான்கு சேலை, பஞ்சு, டெட்டால், கத்தரிக்கோல். பஞ்சு எதற்கு என்றேன். பழக்கம் என்றாள்.

மார்ச் 14, வியாழன். தாழைமுனை.

திருச்சி, தஞ்சாவூர், நாகப்பட்டினம் என்று நான்கு பஸ் மாறி மாலை நான்கு மணிக்கு வந்து சேர்ந்தோம். விருந்தினர் விடுதி ஓட்டுக் கட்டடம். ஜன்னலைத் திறந்தால் தாழம்புதர், அதற்கப்பால் கடல். கடலைப் பார்த்ததும் வசந்தாமணி, "நல்ல காத்துங்க. துணி சீக்கிரம் காஞ்சுரும்" என்றாள்.

மேகலா ஓடிவந்து காலில் விழுந்தாள். கூடவே நின்ற காவலர் அஞ்சப்பனிடம், "அண்ணே, நான் சொன்ன சார் இவருதான். நம்ம யாருக்கும் முன்னாலயே ஆமை பாத்தவரு" என்று அறிமுகப்படுத்தினாள். அஞ்சப்பனுக்கு அறுபது வயதிருக்கும். முன்பு மீன்பிடித்தவர். பத்து வருடமாக இந்தக் கரையில் ஆமைகளுக்குக் காவல்.

"எந்தக் கரையில பாத்தீங்க சார்?" என்று கேட்டார்.

"இந்தப் பக்கம்தான். கொஞ்சம் வடக்கே."

"எந்த மாசம்?"

"மார்ச்."

"பங்குனி. சரிதான், பங்குனி ஆமைன்னுதானே அதுக்குப் பேரே." கொஞ்ச நேரம் கடலைப் பார்த்தார். "தொண்ணூத்தி நாலு பங்குனியில நான் ராப்பூரா வடக்குக் கரையிலதான் சார் கெடந்தேன். வலை காயப்போட்டிருந்தோம். ஒரு வேன் நெறைய வாத்தியாருங்க வந்தாங்க. அதுல ஒங்க மொகம் ஞாபகம் இல்லையே."

முப்பது வருடத்துக்கு முந்தைய விஷயத்தை ஒருவர் இவ்வளவு துல்லியமாக நினைவில் வைத்திருப்பது உடம்புக்கு நல்லதல்ல.

இன்று இரவே கரையில் நடக்க வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். பயணக் களைப்பு எனக்கில்லை.

மார்ச் 15, வெள்ளி.

இருந்திருக்கிறது.

ஏழு கிலோமீட்டர். மணலில். என் கணுக்கால் இரண்டும் பணியாரம் மாதிரி வீங்கியிருக்கின்றன.

நேற்றிரவு நடந்ததை நேர்மையாகவே எழுதிவிடுகிறேன். மேகலாவும் அஞ்சப்பனும் முன்னால் போய்விட்டார்கள். சென்னையிலிருந்து வந்திருந்த நான்கு கல்லூரி மாணவிகளை என் பொறுப்பில் விட்டிருந்தார்கள். வெள்ளை விளக்கு போடக் கூடாது என்பது விதி. ஒரு மேட்டோரம் கருப்பாக, குவிந்தாற்போல் ஒன்று தெரிந்தது. மாணவிகளை உட்காரச் சொல்லிவிட்டுக் கிசுகிசுத்த குரலில் விளக்க ஆரம்பித்தேன். பின்துடுப்பால் குழி பறிக்கும் விதம், முட்டைகளின் அமைப்பு, கண்ணீர்ச் சுரப்பியின் வேலை எல்லாம். பத்து நிமிடம் ஆனபின் ஒரு பெண், "சார், அது அசையவே இல்லையே" என்றாள். முட்டையிடும் ஆமை ஒருவித மயக்க நிலைக்குப் போய்விடும் என்றேன். அறிவியல்படி அது சரி.

அஞ்சப்பன் திரும்பி வந்து சிவப்பு விளக்கை அடித்தார்.

"சார், இது ஐஸ் பொட்டி."

மாணவிகள் நல்ல பிள்ளைகள். தூரமாகப் போய்த்தான் சிரித்தார்கள்.

மூன்றரை மணிக்கு வந்து படுத்தவன் ஒன்பது மணிக்குத்தான் எழுந்தேன். வசந்தாமணி குளித்து முடித்து, தலை காயவைத்துக்கொண்டிருந்தாள். கொடியில் நேற்றுக் கட்டிய சேலை. அதன் கீழ்ப்பாகமெல்லாம் ஈர மணல்.

"எங்கே போனாய்?"

"எப்பவும் போல நாலரைக்கு முழிப்பு வந்துருச்சுங்க. அப்படியே நடந்தேன். ஒரு பிரசவம். பாத்துட்டு வந்தேன்."

எனக்கு ஆச்சரியமில்லை. பக்கத்தில்தான் மீனவர் குப்பம். இவள் செவிலியர் என்று எப்படியோ மோப்பம் பிடித்திருப்பார்கள். விருப்ப ஓய்வு வாங்கி இரண்டு வருடம் ஆகிறது, இன்னும் விட மாட்டேன் என்கிறார்கள்.

"எல்லாம் நல்லபடியா?"

"சுகப் பிரசவமுங்க. ஒரு மணி நேரந்தான். கெட்டிக்காரி. யாரையும் எதிர்பாக்கல."

மீனவப் பெண்கள் உழைப்பாளிகள். அதுதான் காரணம் என்று விளக்கினேன். ஆமாங்க என்று கேட்டுக்கொண்டாள்.

மார்ச் 16, சனி.

நேற்றிரவும் போனேன். ஆமை வந்துபோன தடம் கிடைத்தது. டிராக்டர் ஏறிப்போனது மாதிரி கடலிலிருந்து மேட்டுக்கும் மேட்டிலிருந்து கடலுக்கும் இரண்டு வரிசை. "பத்து நிமிசம் முன்னாடி வந்திருந்தா பாத்திருக்கலாம் சார். இப்பத்தான் எறங்கிப் போயிருக்கு" என்றார் அஞ்சப்பன். தடத்தைப் பார்ப்பது ஏறத்தாழ ஆமையைப் பார்ப்பதற்குச் சமம் என்று நான் கருதுகிறேன். அஞ்சப்பன் அப்படிக் கருதவில்லை.

ஒன்றைக் கவனித்தேன். இங்கே வசந்தாமணிக்கு இருக்கும் மரியாதை எனக்கு இல்லை. அஞ்சப்பன் என்னைக் கண்டால் தலையாட்டுகிறார். அவளைக் கண்டால் தலைத்துண்டை எடுத்துவிடுகிறார். காலையில் அவளுக்கென்று வாழையிலையில் சுற்றிக் கொடுவா மீன் கொண்டுவந்தார். "அம்மா பாத்த மாதிரி பொறுமையா நாங்ககூடப் பாக்க மாட்டோம்" என்றார். பிரசவத்தைச் சொல்கிறார்.

இரவுச் சாப்பாட்டின்போது மேகலா ஒரு கேள்வி கேட்டாள்.

"சார், உங்க ஆமை நூத்தி இருபது முட்டைதானுங்களே போட்டுது? என் தம்பி நூத்தி எண்பதுன்னு அடிச்சுச் சொல்றான். அவன் எனக்கு நாலு வருசம் கழிச்சு உங்ககிட்டப் படிச்சவன்."

ஒரு கதையை இருபத்தொன்பது வருடம் சொல்லும்போது சில எண்கள் இயல்பாக வளர்ந்துவிடும். பணவீக்கம் மாதிரி. அதை அவளுக்கு எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது வசந்தாமணி அவள் தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைத்தாள்.

"வருசா வருசம் போட்டிருக்கும் கண்ணு."

மேகலா சிரித்தாள். நானும் சிரித்தேன்.

மார்ச் 17, ஞாயிறு.

நண்டு. நான்கு சாப்பிட்டிருக்கக் கூடாது. எழுத முடியவில்லை.

மார்ச் 18, திங்கள்.

காலை 10 மணி.

வயிறு தேவலாம். ராத்திரி முழுக்கக் கழிவறைக்கும் கட்டிலுக்குமாக நடந்ததே ஏழு கிலோமீட்டர் இருக்கும். விடிகாலையில்தான் கண்ணயர்ந்தேன்.

வசந்தாமணி ஏழு மணிக்கு வந்தாள். மறுபடியும் சேலையெல்லாம் மணல்.

"இன்னைக்கு ரெண்டுங்க. ஒண்ணுக்கொண்ணு இருபதடி தள்ளி. இங்கயும் அங்கயுமா ஓடவேண்டியதாப் போச்சு."

இந்தச் சின்னக் குப்பத்தில் நான்கு நாளில் மூன்று பிரசவம். அடுத்தடுத்த வீடுகளில், ஒரே நேரத்தில். குடும்ப நலத் துறை இந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதே இல்லை போலிருக்கிறது. அவளிடமும் சொன்னேன். "இவிங்களுக்கு அதெல்லாம் ஒத்து வராதுங்க" என்றாள்.

"ஆணா பெண்ணா?"

"இப்பத் தெரியாதுங்க. அது மண்ணுச் சூட்டைப் பொறுத்தது."

முப்பது வருடம் தூக்கம் கெட்டு வேலை பார்த்தவள். வயதும் ஆகிறது. ஊருக்குப் போனதும் நல்ல டாக்டராகப் பார்த்து ஒரு பரிசோதனை செய்துவிட வேண்டும். கஞ்சி வைத்துக் கொடுத்துவிட்டுத் துணி துவைக்கப் போயிருக்கிறாள்.

மதியம் 2.40.

மண்ணின் சூடு.

முட்டை புதைந்திருக்கும் மணலின் வெப்பம் கூடினால் பெண், குறைந்தால் ஆண். நானே இருபத்தொன்பது வருடம் கரும்பலகையில் எழுதிப்போட்ட வரி.

மாலை 5 மணி.

முட்டைக் காப்பகத்துக்குப் போய்ப் பார்த்தேன். கரையில் கண்டெடுக்கும் முட்டைகளை நாய்க்கும் நரிக்கும் தப்புவித்து இங்கே கொண்டுவந்து புதைக்கிறார்கள். மூங்கில் வேலி, மேலே தென்னங்கீற்று நிழல், உள்ளே வரிசையாகக் குச்சி நட்டு ஒவ்வொன்றிலும் ஓர் அட்டை. கடைசி வரிசையில் மூன்று அட்டைகளைப் படித்தேன்.

கூடு 63. மார்ச் 15. காலை 5.10. முட்டை 116. கண்டவர்: வசந்தாமணி அம்மா.

கூடு 67. மார்ச் 18. காலை 5.05. முட்டை 104. கண்டவர்: வசந்தாமணி அம்மா.

கூடு 68. மார்ச் 18. காலை 5.20. முட்டை 121. கண்டவர்: வசந்தாமணி அம்மா.

மேகலாவின் கையெழுத்து. ஆக எல்லோருக்கும் தெரியும். அவளுக்கு, அஞ்சப்பனுக்கு, சமையல்கார அம்மாவுக்கு, ஐஸ் பெட்டியைப் பார்த்த நான்கு மாணவிகளுக்கு. எனக்கு மட்டும் சொல்லவில்லை.

இரவு 10 மணி.

சாப்பிடவில்லை. வயிறு சரியில்லை என்று சொன்னேன்.

இந்த நோட்டை வேறு யாரும் படிக்கப் போவதில்லை. அதனால் எழுதுகிறேன். 1994-இல் நான் ஆமை பார்க்கவில்லை.

அந்த மார்ச்சில் நாகப்பட்டினத்தில் ஆசிரியர்களுக்குப் பத்து நாள் பயிற்சி. வசந்தாமணிக்கு எட்டரை மாதம். போக வேண்டாம் என்று அவள் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் போயிருக்க மாட்டேன் என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆறாம் நாள் இரவு எல்லோரையும் வேனில் ஏற்றி ஆமை காட்டக் கூட்டிப்போனார்கள். நான் போகவில்லை. லாட்ஜில் நான்கு பேர் ரம்மி ஆடினோம். ஒன்பது மணிவாக்கில் வாட்ச்மேன் வந்து எனக்குத் தந்தி என்றான். கையில் நல்ல சீட்டு. "அலமாரியில் வை, இந்த ஆட்டம் முடிந்ததும் பார்க்கிறேன்" என்றேன். அந்த ஆட்டம் விடியும்வரை முடியவில்லை.

நான் ராசிபுரம் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது குழந்தை பிறந்து ஒன்றரை நாள் ஆகியிருந்தது. கட்டிலைச் சுற்றி மாமனார், மாமியார், சித்தப்பா, எல்லோரும். வசந்தாமணி கேட்டது ஒன்றுதான். "ஏனுங்க, வர நேரமாயிருச்சு?"

கடற்கரையில் ஆமை பார்த்துக்கொண்டிருந்தேன், தந்தி கையில் கிடைக்கவில்லை என்றேன். ஆமையா என்று மாமனார் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். வேனில் போனவர்கள் காலையில் சொன்னதையெல்லாம் சொன்னேன். அடுத்த வாரம் வகுப்பிலும் சொன்னேன். பிறகு நிறுத்த வழி தெரியவில்லை. மகளுக்குக் கடலரசி என்று பெயர் வைத்ததும் அந்த வேகத்தில்தான். கடலுக்கு இருநூறு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ராசிபுரத்தில் அந்தப் பெயரோடு அவள் பட்ட பாடு தனி.

நாளை மறுநாள் அறுபது பிள்ளைகள் முன்னால் இந்தக் கதையைச் சொல்ல வேண்டும். அதற்குள் ஓர் ஆமையையாவது பார்த்துவிட்டால் பொய்யில் பாதியாவது மெய்யாகிவிடும் என்றுதான் வந்தேன்.

மார்ச் 19, செவ்வாய்.

காலையில் வசந்தாமணி கிணற்றடியில் துணி அலசிக்கொண்டிருந்தாள். வாளியில் நீர் இறைத்துக் கொடுத்தேன். கல்யாணமாகி முப்பத்திரண்டு வருடத்தில் இது இரண்டாவது தடவை என்பதால் அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"கூடுகளின் அட்டையெல்லாம் பார்த்தேன்" என்றேன்.

"ம்."

"மூன்று ஆமை. எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லையே."

"சொன்னா வருவீங்க. வந்தாப் பேசுவீங்க. அந்த நேரத்துல பக்கத்துல பேச்சு ஆகாதுங்க."

நியாயம்தான். ஐஸ் பெட்டிக்கே பத்து நிமிடம் பேசியவன்.

இன்னும் இரண்டு வாளி இறைத்தேன். பிறகு சொன்னேன். "வசந்தா, அந்தத் தொண்ணூற்று நான்கில் நான் உண்மையில்..."

"தெரியுமுங்க."

"என்ன தெரியும்?"

"கடற்கரைக்குப் போகலைன்னு தெரியும்." சேலையை முறுக்கிப் பிழிந்தாள். "செருப்ப என் கட்டிலுக்கு அடியிலதானுங்க கழட்டிப் போட்டீங்க. ஒரு பொட்டு மணல் இல்லை. பக்கத்துல புள்ள தூங்குது, எனக்குத் தூக்கம் வரல. ராவெல்லாம் அந்தச் செருப்பத்தான் பாத்துட்டுக் கெடந்தேன்."

கயிறு கையிலிருந்து நழுவி வாளி கிணற்றுக்குள் போய்விட்டது.

"முப்பது வருடமாக ஏன் கேட்கவில்லை?"

"கேட்டா நீங்க இன்னொரு கதை சொல்லோணும். எதுக்கு உங்களுக்குச் சிரமம்."

"கோபம் இல்லையா?"

"இல்லாம இருக்குமுங்களா? நாலஞ்சு வருசம் இருந்துச்சு. என் கையால ஊருக்கெல்லாம் பிரசவம் பாத்திருக்கறேன். வெளிய புருசங்காரன் நிக்கறானான்னு உள்ள படுத்திருக்கறவ எத்தன தடவ கேப்பான்னு எனக்குத் தெரியும். நானும் கேட்டேன். வந்துட்டே இருக்காருன்னாங்க." ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். "அப்புறம் அரசி பள்ளிக்கூடம் போக ஆரம்பிச்சா. ஒருநா ஓடியாந்து, அம்மா, நான் பொறந்த அன்னைக்கு ஒரு பெரிய ஆமை கரைக்கு வந்துச்சாமே, அப்பா பாத்தாராமேன்னு கேட்டா. அவ மூஞ்சியப் பாத்துட்டு இல்லைன்னு சொல்ல வாய் வரலீங்க. ஆமாங்கண்ணுன்னுட்டேன். அன்னையிலிருந்து நானும் அந்தப் பொய்யில கூட்டு."

வாளியை எடுக்க அஞ்சப்பன் பாதாளக்கொலுசு கொண்டுவந்தார். எப்படி விழுந்தது என்று கேட்டார். வழுக்கிவிட்டது என்றேன். வசந்தாமணி, "நாந்தான் பராக்குப் பாக்க வெச்சுட்டேன்" என்றாள்.

மதியம் பதினோரு பக்கக் குறிப்பை எடுத்துப் படித்துப் பார்த்தேன். மிக நன்றாக எழுதியிருந்தேன்.

மார்ச் 20, புதன்.

மாலை நான்கு மணிக்குப் பந்தலில் கூட்டம். அறுபது பிள்ளைகள், மூன்று ஆசிரியர்கள், வனத்துறையிலிருந்து ஓர் அதிகாரி, ஊராட்சித் தலைவர். முதல் வரிசையில் அஞ்சப்பன். கடைசி வரிசையில் சமையல்கார அம்மாவுக்குப் பக்கத்தில் வசந்தாமணி. மேகலா என்னை அறிமுகப்படுத்த ஐந்து நிமிடம் எடுத்துக்கொண்டாள். அதில் "என் வாழ்க்கையை மாற்றிய" என்பது இரண்டு முறை வந்தது.

எழுந்து நின்றேன். வழக்கமான முதல் வரியைச் சொன்னேன். "1994-ஆம் ஆண்டு, மார்ச் மாதம், ஒரு நிலவில்லாத இரவு."

பிள்ளைகள் அமைதியானார்கள். இருபத்தொன்பது வருடமும் இந்த இடத்தில் அமைதியாகத்தான் இருந்தார்கள். அஞ்சப்பன் என் முகத்தை உற்றுப் பார்த்தபடி இருந்தார். அடுத்த வரி வரவில்லை. தண்ணீர் குடித்தேன். மறுபடியும் குடித்தேன்.

"அன்றைக்கு இரவு இந்தக் கரைக்கு ஆமை வந்தது. என் சக ஆசிரியர்கள் பார்த்தார்கள். நான் நாகப்பட்டினத்தில் ஒரு லாட்ஜில் சீட்டு ஆடிக்கொண்டிருந்தேன்."

பின்னாலிருந்து ஒரு சிறுமி எழுந்து, "ஜெயிச்சீங்களா சார்?" என்று கேட்டாள்.

"இல்லைம்மா. தோற்றுவிட்டேன்."

பிள்ளைகள் சிரித்தார்கள். அதிகாரி சிரிக்கலாமா என்று ஊராட்சித் தலைவரைப் பார்த்தார். மேகலாவை நான் பார்க்கவில்லை. மீதியை இரண்டே நிமிடத்தில் சொல்லிவிட்டேன். பார்க்காத ஆமையை இத்தனை வருடம் பார்த்ததாகச் சொன்னேன், ஆமையைப் பற்றி நான் சொன்ன அறிவியல் எல்லாம் சரி, பார்த்தேன் என்பது மட்டும் பொய், என்றேன். "இந்தக் கூட்டத்தில் இந்த வாரம் மூன்று ஆமையைப் பார்த்த ஒருவர் இருக்கிறார். அவர் பேசுவதுதான் முறை" என்று சொல்லி வசந்தாமணியைக் கூப்பிட்டேன்.

வரமாட்டாள் என்று நினைத்தேன். வந்தாள். மைக்கைத் தொடவில்லை. மாதாந்திரக் கூட்டத்தில் அறிக்கை படிப்பதுபோலச் சொன்னாள்.

"மூணு கேஸ் பாத்தேன். மூணும் விடியால அஞ்சு மணிக்கு. மொத ஆளுக்கு நூத்திப் பதினாறு, அடுத்ததுக்கு நூத்தி நாலு, அதுக்கடுத்ததுக்கு நூத்தி இருவத்தொண்ணு. தாய்மாருங்க மூணு பேரும் நல்லா இருக்காங்க. எடஞ்சல் பண்ணாம பின்னால உக்காந்திருந்தேன். அவ்வளவுதான்."

"ஆமை அழுதுச்சா?" என்றாள் அதே சிறுமி.

"கண்ணுல தண்ணி வந்துச்சு. அது ஒடம்புல இருக்கற உப்ப வெளியேத்தறதுன்னு இவரு சொல்லுவாரு. சரியாத்தான் இருக்கும். ஆனா நூறு முட்டை சாமி. வலிச்சிருந்தா அதுவும் தப்பில்லை."

கைதட்டல் நிற்க நேரமாயிற்று.

பிறகு எல்லோரும் கடலோரம் போனோம். கூடையிலிருந்து குஞ்சுகளை மணலில் விட்டார்கள். ஒவ்வொன்றும் தீப்பெட்டி அளவு. அவசர வேலை இருப்பதுபோல் எல்லாம் கடலைப் பார்த்து ஓடின. ஒன்று மட்டும் எதிர்த்திசையில் ஊராட்சித் தலைவரின் காலை நோக்கிப் போனது. அவர் நடுங்கிப்போய் ஒற்றைக் காலில் நின்றார். மேகலா அதைத் திருப்பிவிட்டாள். என் பக்கத்தில் வந்தபோது, "சார், நான் கோவமா இருக்கறேன். அப்புறமாப் பேசறேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

இரவு எட்டு மணிக்குச் சாப்பாட்டு மேசையில் எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"அந்தக் கதைய மூணு இன்டர்வியூவுல சொல்லியிருக்கேன் சார்."

"மன்னித்துக்கொள் அம்மா."

"மூணுலயும் எடுத்துக்கிட்டாங்க." சோற்றைப் பிசைந்தாள். "மொத இன்டர்வியூவுல ஒருத்தரு, உங்க சார் எத்தன மணிக்குப் பாத்தாருன்னு கேட்டாரு. நீங்க வகுப்புல ராத்திரி ஏழு மணின்னு சொன்னீங்க. பங்குனி ஆமை இந்தக் கரைக்கு ஏழு மணிக்கு ஏறாது. அப்பவே எனக்கு எங்கயோ இடிச்சுது. ராத்திரி ரெண்டு மணின்னு சொல்லிட்டேன்."

வசந்தாமணி அவளுக்கு அப்பளம் வைத்தாள். மேகலா அதைப் பாதியாக உடைத்து ஒரு பாதியை என் தட்டில் வைத்தாள். அவள் சிரிக்கவில்லை. ஆனால் அப்பளத்தை வைத்தாள்.

மார்ச் 21, வியாழன்.

மதியம் இரண்டு மணிக்குப் பஸ். பெட்டி கட்டியாயிற்று. அதற்குள் எழுதி முடித்துவிடுகிறேன்.

விடிகாலை நாலே முக்காலுக்கு வசந்தாமணி என் தோளைத் தொட்டு எழுப்பினாள்.

"வாங்க. வந்திருக்கறா. டார்ச் வேண்டாம். பேசக் கூடாது."

செருப்புப் போடாமல் அவள் பின்னால் நடந்தேன். கீழ்வானம் சாம்பல் நிறத்தில் இருந்தது. தாழம்புதரை ஒட்டி, விடுதியிலிருந்து நூறு அடிகூட இருக்காது, அங்கே ஆமை. வசந்தாமணி அதன் முகத்துக்குத் தெரியாதபடி பின்பக்கமாகச் சுற்றிப் போய் மணலில் உட்கார்ந்தாள். தன் பக்கத்தில் தரையைத் தட்டிக் காட்டினாள். நான் உட்கார்ந்தேன்.

குழி பறித்து முடித்திருந்தது. முட்டைகள் இரண்டிரண்டாக, சில சமயம் மூன்றாக, வழவழப்பாக இறங்கின. அதெல்லாம் எனக்குத் தெரியும். தெரியாதது அந்த மூச்சு. நெடுநேரம் ஒன்றுமில்லாமல் இருந்து, திடீரென்று ஒரு பெரிய ஆள் பாரத்தை இறக்கி வைத்ததுபோல் ஒரு மூச்சு. நான் படித்த எந்தப் புத்தகத்திலும் அது இல்லை. ஒவ்வொரு மூச்சுக்கும் வசந்தாமணியின் வலது கை மணலில் கொஞ்சம் அழுந்தியது. அவளுக்கே அது தெரியவில்லை.

என் வாய் இரண்டு மூன்று முறை திறந்தது. மூடிக்கொண்டேன்.

கடைசியில் பின்துடுப்பால் மணலைத் தள்ளிக் குழியை மூடியது. உடம்பை இப்படியும் அப்படியும் ஆட்டி, தொம் தொம் என்று அடித்து, மண்ணைக் கெட்டிப்படுத்தியது. பிறகு ஓய்ந்து அப்படியே கிடந்தது.

வசந்தாமணி என் பக்கம் திரும்பினாள். வெளிச்சம் போதவில்லை, அவள் முகம் சரியாகத் தெரியவில்லை. முப்பது வருடம் பிரசவ அறைக் கதவைத் திறந்து வெளியே நிற்கிற ஆண்களிடம் சொல்லிச் சொல்லிப் பழகிய குரலில், மெதுவாகச் சொன்னாள்.

"எல்லாம் நல்லபடியா முடிஞ்சுதுங்க. போயி ஒரு டீ குடிச்சுட்டு வாங்க."

"நான் இங்கயே இருக்கறேன்" என்றேன்.

"உஸ்" என்றாள்.